பிரெஞ்சு வெளியுறவுப் பணித் தேர்வுக்கு ரீயூனியனிலிருந்து தயாராக முடியுமா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் சேன் பியேரிலிருந்து எழுதியிருக்கும் அம்மையார் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மகள் தீவின் தலைநகர் சேன் தெனியில் சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தின் கொன்கூர், அதாவது போட்டித் தேர்வு, எழுத ஆசைப்படுகிறாள். புதுச்சேரியிலிருந்து வந்த குடும்பம் என்பதால் தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். அந்தத் தமிழ் தேர்வில் கைகொடுக்குமா, பாரிசுக்குப் போகாமல் தீவிலிருந்தே தயாராக முடியுமா, எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பவை அந்த மூன்றும். ஆனால் கடைசி வரியில், "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு என்று உறவினர்கள் சொல்கிறார்கள்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அவர் உண்மையில் கேட்க நினைத்தது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மைப் போன்ற வீட்டிலிருந்து ஒரு பெண் அங்கே நுழைய முடியுமா? முடியும். ஆனால் எதற்காக உழைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு உழைக்க வேண்டும். பல பிள்ளைகள் தவறான இடத்தில் பாடுபட்டு, நல்ல மூளை இருந்தும் வெளியே நிற்கிறார்கள்.

நான் புதுச்சேரியில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுப் பிள்ளை. அமைச்சகத்தில் துணைத் தூதரகப் பணியில் சேர்ந்து, பிறகு ஊழியர்களுக்கான உள்தேர்வு எழுதி மேல்நிலைக்குப் போனேன். ஓய்வுக்குப் பின் இந்தத் தீவில் குடியேறி, தேர்வு எழுதும் சில பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். நடுவர் குழுவில் நான் உட்கார்ந்ததில்லை. நான் எழுதிய காலத்துத் தேர்வு முறை பலமுறை மாறிவிட்டது. ஆகவே தாள்களின் எண்ணிக்கை, நேரம், மதிப்பெண் விகிதம் ஆகியவற்றுக்கு என் பேச்சை நம்ப வேண்டாம். அந்தந்த ஆண்டின் அரசாணை மட்டுமே பிரமாணம். அதைப் படிக்காமல் பயிற்சியைத் தொடங்கும் பிள்ளையை நான் ஏற்பதில்லை. எப்படி எழுத வேண்டும், எதைப் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றைத் தயங்காமல் சொல்கிறேன்.

முதலில் வாசல்கள். 'தூதரகத் தேர்வு' என்று ஒரே ஒரு தேர்வு கிடையாது. உச்சியில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எனா என்ற பழைய அரசு நிர்வாகப் பள்ளியின் இடத்தில் 2022 ஜனவரி முதல் தேதி தொடங்கிய தேசிய அரசுப் பணி நிறுவனத்தின் வழி. மற்றொன்று, ஏதாவது ஒரு வட்டாரத்தையும் அதன் மொழியையும் கற்றுத் தேர்ந்தவர்களுக்கான கீழ்த்திசைத் தேர்வு, அதாவது கொன்கூர் தோரியான். அதற்கு அடுத்த படியில் வெளிவிவகாரச் செயலர் என்ற 'அ' பிரிவுப் பதவி. இதற்கு லிசான்ஸ் என்ற மூன்றாண்டு இளநிலைப் பட்டம் போதும். இதிலும் பொதுக் கிளை, கீழ்த்திசைக் கிளை என இரண்டு உண்டு. அதற்கும் அடுத்து சான்சலரிச் செயலர் என்ற 'ஆ' பிரிவு. இதற்கு பக் என்ற பள்ளி இறுதித் தேர்வு போதும். கடைசியாக 'இ' பிரிவு அலுவலகப் பணி. 2022 ஏப்ரலில் வந்த ஆணையால் வெளியுறவின் இரண்டு உயர்நிலைப் பணிக்குழுக்கள் படிப்படியாக மூடப்பட்டன. அவற்றில் இருந்தவர்களைப் பொது நிர்வாகிகளின் குழுவில் சேர அழைத்தார்கள். அதை எதிர்த்து அந்த ஆண்டு ஜூன் 2ஆம் தேதி வெளியுறவு ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். இந்தச் செய்தியை அரைகுறையாகக் கேட்டவர்கள்தான் "இனிமேல் தூதரகத் தேர்வே கிடையாது" என்று சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. செயலர் பதவிக்கான தேர்வுகள் தொடர்கின்றன.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதுதான்: செயலர் பதவியின் பொதுக் கிளையை இலக்காக வைத்துக்கொள்ளட்டும், கூடவே சான்சலரிச் செயலர் தேர்வையும் எழுதட்டும். இரண்டாவதைச் சொன்னதும் பெற்றோர் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். சட்டம் படித்த பெண் பாஸ்போர்ட் கவுண்டரில் உட்காருவதா என்று கேட்கிறார்கள். அந்தக் கவுண்டரின் மறுபக்கத்தில் நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கின்றன. ஒரு பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததால் ஓய்வூதியம் நின்றுபோன விதவைகளை நமக்குத் தெரியும். வெளிநாட்டில் ஒரு பிரெஞ்சுக் குடிமகன் கைது செய்யப்பட்டால், அவர் கேட்டுக்கொண்டால் அதைத் துணைத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு. அந்தத் தொலைபேசி அழைப்பை எடுப்பவர் பெரும்பாலும் தூதுவர் அல்லர், பணியில் இருக்கும் சான்சலரி ஊழியர்தான். எந்தச் சிறை, எந்த மொழி, வழக்கறிஞர் உண்டா, வீட்டுக்கு யார் சொல்வது என்று அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் எடுக்கும் முடிவுகள் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். இதைச் சிறிய வேலை என்று நினைப்பவர் பெரிய வேலைக்கும் உதவமாட்டார். மேலும், உள்ளே போனபின் உள்தேர்வு வழியாக மேலே செல்லும் கதவு திறந்தே இருக்கிறது.

இனி தமிழ். இந்தத் தேர்வில் தமிழை நம்பித் திட்டம் போடாதீர்கள். பொதுக் கிளையில் ஆங்கிலம் கட்டாயம். அதோடு ஒரு வெளிநாட்டு மொழியை அறிவிப்பில் தரும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். ஜெர்மன், ஸ்பானியம், அரபு போன்ற மொழிகளே அங்கே நடப்பில் இருப்பவை. உங்கள் மகள் லிசேயில் (மேல்நிலைப் பள்ளியில்) எந்த இரண்டாம் மொழி படித்தாளோ, அதைத் தூசு தட்டி எடுக்கட்டும். கீழ்த்திசைக் கிளை வேறு மாதிரி. அங்கே எந்த மொழிகளுக்கு இடம் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பு முடிவு செய்கிறது. தெற்காசியாவைப் பொறுத்தவரை இந்தியே முன்னால் நிற்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு இடம் இருக்கும் ஆண்டிலும் வீட்டுத் தமிழும் கோயில் தமிழும் போதாது. தினமணி தலையங்கம் ஒன்றை, நிதிநிலை அறிக்கை பற்றியதாகவே பார்த்து எடுத்து, ஒரு மணி நேரத்தில் அகராதி இல்லாமல் பிரெஞ்சில் தரச் சொல்லுங்கள். பிறகு பிரெஞ்சுச் செய்தி ஒன்றைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதில்தான் திணறுவாள். 'பற்றாக்குறை', 'மானியம்', 'ஒப்புதல்' போன்ற சொற்கள் தேடாமல் வந்தால்தான் அது தேர்வுக்குரிய தமிழ். அந்த அளவுக்குப் போக விருப்பம் இருந்தால், தமிழைப் பட்டப் படிப்பாகவே கற்பிக்கும் இனால்கோ பாரிசில் இருக்கிறது.

தமிழால் பயன் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. பணியில் சேர்ந்தபின் அதன் மதிப்பு தெரியும். புதுச்சேரியில் பிரான்சுக்குத் துணைத் தூதரகம் இருக்கிறது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு முதியவரின் கதையைக் கேட்கக்கூடிய அதிகாரி எந்த அலுவலகத்திலும் அரிது. நேர்முகத்திலும் அதைச் சொல்லலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் எழுத்துத் தேர்வு என்ற மதிலைத் தாண்டும் வரை அது பைக்குள் இருக்கட்டும்.

அந்த மதில் எதனால் ஆனது? அறிவால் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உலகத் தலைநகரங்களையும் உச்சிமாநாடுகளையும் கரைத்துக் குடிக்கிறார்கள். நான் திருத்திய தாள்களில் விஷயம் தெரியாமல் விழுந்தவர்கள் குறைவு. கேட்ட கேள்விக்கு, கொடுத்த நேரத்துக்குள், ஒரு நிலைப்பாட்டை எடுத்து, அதைத் தெளிவான பிரெஞ்சில் நிறுவ முடியாமல் விழுந்தவர்களே அதிகம். நம் பிள்ளைகளிடம் ஒரு தனிப்பட்ட பழக்கமும் உண்டு. பட்டிமன்றமும் மேடைப் பேச்சும் கேட்டு வளர்ந்தவர்கள் பொன்மொழியில் தொடங்கி, உவமையில் ஏறி, கைதட்டலுக்கு நிறுத்துவார்கள். மேடைக்கு அது அழகு. பிரெஞ்சுத் தேர்வுத் தாளில் அது முதல் பக்கத்தையே வீணாக்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'இந்தியப் பெருங்கடலில் பிரான்சு' என்று தலைப்புக் கொடுத்தேன். வந்த தாள்களில் ஒன்று, 'ஆதிகாலம் தொட்டே கடல் மனித இனத்தை ஈர்த்து வந்திருக்கிறது' என்று தொடங்கியது. அந்த வாக்கியத்தை எந்தக் கடலுக்கும், எந்த நாட்டுக்கும் எழுதலாம். ஆகையால் அதற்கு மதிப்பெண் இல்லை. மூன்றாவது முறை திருத்தியபின் அதே பெண் எழுதிய தொடக்கத்தைத் தமிழில் தருகிறேன். '2020 டிசம்பரில் பிரான்சு இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கத்தில் முழு உறுப்பினரானது. பாரிசைத் தலைநகராகக் கொண்ட நாடு இந்தக் கடலின் கரையோர நாடாக ஏற்கப்பட்டதற்கு ரீயூனியனே ஆதாரம். ஆனால் இதே கடலில் மயோத் தீவைக் கொமொரோவும், சிதறிய சிறு தீவுகளை மடகாஸ்கரும் மொரீஷியஸும் தங்களுடையவை என்கின்றன. குரல் கொடுக்கும் உரிமையைத் தரும் நிலமே வழக்குக்கும் காரணமாகும்போது, பிரான்சு இங்கே அண்டை நாடாக நடந்துகொள்ள முடியுமா?' இதில் ஒரு தேதி இருக்கிறது, ஒரு முரண் இருக்கிறது, கேள்விக்குறியோடு ஒரு கேள்வி இருக்கிறது. மீதிப் பக்கங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். சட்ட மாணவிக்கு இரண்டு பகுதிகளாகப் பிரித்து எழுதும் பயிற்சி ஏற்கெனவே இருக்கும். அது பெரிய முதல். அதை விட்டுவிட வேண்டாம்.

பயிற்சிக்கான பொருளை எங்கே தேடுவது என்று கேட்டால், முதலில் உங்கள் வீட்டுப் பீரோவைத் திறக்கச் சொல்வேன். நாந்த் நகரில் உள்ள மத்தியப் பதிவு அலுவலகம் தந்த பிறப்புச் சான்றிதழ் ஒன்று உங்களிடம் கட்டாயம் இருக்கும். அது ஏன் புதுச்சேரியிலிருந்து வராமல் நாந்திலிருந்து வருகிறது என்று மகளைக் கேளுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளுக்காக 1965இல் அமைந்த அலுவலகம் அது. நீங்கள் ஏன் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பதற்கான பதில் 1956 மே 28ஆம் தேதி கையெழுத்தான புதுச்சேரி ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதன் 4ஆவது பிரிவு, அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாவார்கள் என்கிறது. 5ஆவது பிரிவு, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவர் அந்த ஆறு மாதத்தில் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டிருக்கக்கூடும். அல்லது அதற்கு முன்பே வேறு இடத்தில் குடியிருந்ததால் வேறொரு பிரிவு அவருக்குப் பொருந்தியிருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதே நல்ல பயிற்சி.

அங்கிருந்து மேலே போகட்டும். புதுச்சேரியின் கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான். இடையில் ஏன் இத்தனை ஆண்டுகள்? பிரெஞ்சு அரசியலமைப்பின் 53ஆவது பிரிவு, நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றச் சட்டம் தேவை என்கிறது; சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் அது செல்லாது என்றும் சொல்கிறது. வங்காளத்தில் பிரெஞ்சு வசம் இருந்த சந்திரநாகூரில் 1949இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. கீழூரில் பிரதிநிதிகள் மட்டும் வாக்களித்தார்கள். அது மக்களின் சம்மதமாகுமா? அப்போது அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஓர் இடத்தில் நிலத்தை விட்டால் மற்ற இடத்துக்கு அது முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சம் பாரிசில் இருந்தது. அல்ஜீரியா 1962 ஜூலையில் விடுதலை பெற்ற பிறகே புதுச்சேரி ஒப்பந்தம் கரை சேர்ந்தது. ஒரே காகிதத்தில் அரசியலமைப்புச் சட்டம், பன்னாட்டுச் சட்டம், குடியுரிமை, குடியேற்றவாதத்தின் முடிவு ஆகிய நான்கும் இருக்கின்றன. இதை இரண்டு பக்கக் குறிப்பாக, அன்றைய அமைச்சருக்கு எழுதுவதுபோல எழுதச் சொல்லுங்கள். ஒப்புதலைத் தள்ளிப்போடச் சொல்வாயா, உடனே முடிக்கச் சொல்வாயா என்று கேளுங்கள். உணர்ச்சி கலக்காமல், தன் குடும்பத்தின் விதியை ஓர் அரசின் கண்ணால் பார்த்து எழுத முடிந்தால், அவள் பாதி வழி வந்துவிட்டாள்.

அடுத்த பயிற்சி இன்னும் பக்கத்தில் இருக்கிறது. திரோமெலின் என்ற தீவு ஒரு சதுர கிலோமீட்டர் அளவுதான். அதைச் சுற்றிய கடல் உரிமை சுமார் 2,80,000 சதுர கிலோமீட்டர். மொரீஷியஸ் அதைத் தனது என்கிறது. 2010 ஜூன் 7ஆம் தேதி போர்ட் லூயியில் இரு நாடுகளும் கூட்டு நிர்வாக ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. 2017 ஜனவரியில் விவாதப் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டது. இதைப் பற்றி ஒரு பக்கம் பிரெஞ்சு அதிகாரியாகவும் ஒரு பக்கம் மொரீஷியஸ் அதிகாரியாகவும் எழுத வேண்டும். இரண்டாவது பக்கம் முதலாவதைவிடப் பலவீனமாக இருந்தால் திரும்ப எழுத வேண்டும். எதிராளியின் வாதத்தை அவரே மெச்சும்படி எடுத்துச்சொல்லத் தெரியாதவருக்குத் தூதரக வேலை சரிவராது. இந்தியப் பெருங்கடல் ஆணையத்தில் பிரான்சு 1986இல் சேர்ந்தது ரீயூனியனுக்காக. அதன் தலைமையகம் மொரீஷியசின் எபேனில் இருக்கிறது. சிதறிய தீவுகளை நிர்வகிக்கும் அலுவலகம் உங்கள் சேன் பியேரிலேயே இருக்கிறது. பாரிசில் படிக்கும் மாணவர் வரைபடத்தில் தேடும் இடங்களை உங்கள் மகள் பஸ்ஸில் கடந்து போகிறாள். தீவில் வளர்வதைக் குறையாக எண்ணும் பிள்ளைகளிடம் இதை நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எந்தக் கேள்வி வந்தாலும் ரீயூனியனுக்கு இழுத்துக்கொண்டு வருவது தவறு. உக்ரைன் பற்றிக் கேட்டால் உக்ரைனைப் பற்றித்தான் எழுத வேண்டும். இந்தப் பகுதியில் தீவுப் பிள்ளைகளுக்குப் பெரிய ஓட்டை ஐரோப்பிய ஒன்றியம். அது நமக்குத் தூரம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆணையம், மன்றம், நாடாளுமன்றம் ஆகியவற்றுக்கு இடையே ஒரு சட்டம் எப்படிப் பயணிக்கிறது, வெளியுறவு முடிவுகளுக்கு ஏன் பெரும்பாலும் ஒருமனது தேவைப்படுகிறது, நீதிமன்றத்தின் அதிகாரம் என்ன என்பவை கைவசம் இருக்க வேண்டும். இங்கும் நுழைவாசல் பக்கத்தில்தான்: ஒன்றிய ஒப்பந்தத்தின் 349ஆவது பிரிவு ரீயூனியனைத் தொலைதூரப் பகுதி என்று குறிப்பிட்டுத் தனிச் சலுகைகளுக்கு இடம் தருகிறது, ஆனாலும் உள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிக்குள் நாம் இல்லை. இந்த இரண்டையும் விளக்கத் தெரிந்தால் ஒன்றியச் சட்டத்தின் பாதி புரிந்ததுபோல. சட்டமா பொருளாதாரமா என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவள் சட்டத்தையே எடுக்கட்டும். இருந்தாலும், வட்டி விகிதம் ஏறினால் ஏழை நாட்டின் கடன் என்னாகும் என்ற அளவுக்குப் பொருளாதாரம் தெரியாமல் சர்வதேசக் கட்டுரை எழுத முடியாது. தூதரக உறவுகள் பற்றிய 1961, துணைத் தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கைகளை மூலத்திலேயே படிக்க வேண்டும். அவை நீளமானவை அல்ல. 2024 ஏப்ரலில் ஈக்வடார் காவலர்கள் கீத்தோவில் மெக்சிகோ தூதரகத்துக்குள் புகுந்தது போன்ற சம்பவங்களை அந்தப் பிரிவுகளோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. தேர்வில் ஆங்கிலம் என்பது பேச்சு ஆங்கிலம் அல்ல. பல ஆவணங்களைப் படித்து அவற்றின் சாரத்தைச் சொந்த வார்த்தைகளில் சுருக்கும் திறமை. தினமும் ஓர் ஆங்கிலக் கட்டுரையை ஐந்து வரியில் சுருக்கினால் ஓராண்டில் வித்தியாசம் தெரியும். இங்கேயும் பாண்டிச்சேரி உறவினர்கள் உதவுவார்கள். ஆங்கில நாளிதழ் படிக்கும் வீடுகள் அங்கே நிறைய உண்டு. வாரம் ஒரு முறை தொலைபேசியில் ஆங்கிலத்தில் மட்டும் செய்தி விவாதிக்கச் சொல்லுங்கள்.

தீவிலிருந்து தயாராக முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எழுத்துத் தேர்வுக்குத் தேவையான பெரும்பகுதியை ரீயூனியன் பல்கலைக்கழகத்தின் மூஃபியா வளாக நூலகமும் இணையமும் தருகின்றன. அமைச்சகத்தின் தளத்தில் பழைய வினாத்தாள்களும் நடுவர் குழு அறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த அறிக்கைகளைப் போன்ற பாடப்புத்தகம் வேறு இல்லை. நடுவர்கள் எதைக் கண்டு சலித்தார்கள், எதைப் பாராட்டினார்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கடந்த ஐந்தாறு ஆண்டுகளின் அறிக்கைகளைப் படித்து, திரும்பத் திரும்ப வரும் குறைகளை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். தீவில் கிடைக்காதது ஒன்றுதான்: அதே தேர்வுக்கு உழைக்கும் பத்துப் பேரோடு ஒரே அறையில் உட்கார்ந்து, யார் எவ்வளவு வேகம் என்று பார்க்கும் வாய்ப்பு. இனால்கோவும் சொர்போன் வளாகத்துப் பாரிஸ் முதலாம் பல்கலைக்கழகமும் இந்தத் தேர்வுக்கென்றே பயிற்சி நடத்தி வருகின்றன. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 2021 முதல் 'பிரெப்பா தலான்' என்ற வகுப்புகளும் இருக்கின்றன. அவற்றில் சேர்பவர்களுக்கு 4,000 யூரோ உதவித்தொகை உண்டு. கடல்கடந்த பகுதி மாணவர்களின் பயணத்துக்கு லாதோம் என்ற அரசு நிறுவனம் உதவுகிறது. முதல் ஆண்டு தீவில், இரண்டாம் ஆண்டு அத்தகைய வகுப்பில் என்பதே என் யோசனை. வாய்மொழித் தேர்வைக் காணொளி வழியாக நடத்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால் நேரில் போவது நல்லது. திரையில் ஒருவரின் அமைதியும் கவனமும் முழுதாகத் தெரிவதில்லை. இது என் அனுமானமே, நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பெரிய இடத்துப் பிள்ளைகள் விஷயம். எழுத்துத் தாள்களில் பெயர் மறைக்கப்படுகிறது. திருத்துபவருக்கு அது செல்வியின் தாளா, சோஃபியின் தாளா என்று தெரியாது. இதில் சந்தேகமே இல்லை. சலுகை வேறு இடத்தில் இருக்கிறது: சாப்பாட்டு மேசையில் அரசியல் பேசும் வீடு, நல்ல பள்ளி, தேர்வின் சூட்சுமம் தெரிந்த சித்தப்பா. அந்தச் சலுகை உண்மையானது, உழைப்பால் ஈடுகட்டக்கூடியதும்கூட. வாய்மொழித் தேர்வில் ரீயூனியன் உச்சரிப்போ தமிழ்ப் பெயரோ ஒருவரைப் பாதிக்குமா என்பதற்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டதாக நினைத்தவர்களையும் தெரியும், அதையே பலமாக்கிக்கொண்டவர்களையும் தெரியும். தீவில் பல தலைமுறையாக இருக்கும் மல்பார் குடும்பமா, பாண்டிச்சேரி குடும்பமா, இந்தியாவோடு பிரான்சுக்கு ஒரு கருத்து வேறுபாடு வந்தால் நீ யார் பக்கம் என்று எப்படியாவது ஒரு கேள்வி வரலாம். கோபப்படக் கூடாது, உருகவும் கூடாது. அதிகாரி அரசின் ஆணையை நிறைவேற்றுபவர், தன் அறிவை அந்த வேலைக்குக் கொடுப்பவர் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அந்தக் கருத்து வேறுபாட்டின் விஷயத்துக்கே போய்விட வேண்டும். தைப்பூசக் காவடிக்குச் சங்கத்தில் தொண்டு செய்திருந்தால் அதையும் சொல்லலாம். பக்தியைப் பற்றிப் பேச வேண்டாம். ஊர்வலத்துக்கு நகராட்சியிடமும் காவல்துறையிடமும் அனுமதி வாங்கியது, போக்குவரத்தைத் திருப்பியது, சண்டையிட்ட இரண்டு குழுக்களைச் சமாதானப்படுத்தியது ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு பேச்சுவார்த்தைதான். கூடவே, அரசு ஊழியர் பணியிடத்தில் மத அடையாளம் காட்டக் கூடாது என்ற நடுநிலைக் கடமையை அவள் முன்கூட்டியே யோசித்து, தனக்கென ஒரு தெளிவுக்கு வந்திருக்க வேண்டும்.

எத்தனை ஆண்டு? லிசான்ஸ் முடித்து இரண்டு ஆண்டு ஒழுங்காக உழைத்தால் தகுதியான தாள் எழுத முடியும் என்பது என் அனுபவம். தேறுவாளா என்பது அந்த ஆண்டு எத்தனை இடங்கள் என்பதையும் பொறுத்தது. இடங்கள் எப்போதும் குறைவு. அதனால் அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார வைக்காதீர்கள். முதுகலையில் சேரட்டும். பட்டம் முடித்தபின் 18 முதல் 28 வயது வரையுள்ளவர்களுக்கான சர்வதேசத் தன்னார்வப் பணிக்கு விண்ணப்பிக்கட்டும். ஆறு முதல் இருபத்துநான்கு மாதம் வரை ஒரு தூதரகத்திலோ பண்பாட்டு நிலையத்திலோ ஊதியத்தோடு வேலை. அங்கே போய் இந்த வாழ்க்கை தனக்குப் பொருந்துமா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஏனெனில் இந்தப் பணியில் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறும். நடுவில் பாரிசிலோ நாந்திலோ சில ஆண்டுகள். பெற்றோர் முதுமையடையும்போது பிள்ளை வேறு கண்டத்தில் இருப்பாள். அதை நீங்களும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். நான் இல்லாத வீட்டில் நடந்த நல்லது கெட்டதுகள் பல.

கடைசியாகக் காகிதங்கள். இந்தப் பதவிகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கட்டாயம். வேறு ஐரோப்பிய நாட்டுக் குடியுரிமை போதாது. நம் குடும்பங்களில் குடியுரிமைச் சான்று எடுப்பது சில நேரம் மாதக்கணக்கில் இழுக்கும். தாத்தாவின் பெயர் ஒரு ஆவணத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருக்கும். தேர்ச்சிப் பட்டியல் வந்தபின் ஓடாமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர் என்பதால் பாதுகாப்பு மற்றும் குடிமை நாளில் கலந்துகொண்ட சான்றிதழும் கேட்பார்கள். பதினேழு வயதில் வாங்கிய அந்தத் தாள் எந்த டிராயரில் இருக்கிறது என்று பாருங்கள். எழுத்துத் தேர்வை எந்த மையத்தில் எழுதுவது என்பதை விண்ணப்பிக்கும்போதே குறிக்க வேண்டும். ஆகவே அறிவிப்பில் உள்ள மையங்களின் பட்டியலை முதலில் பாருங்கள். மகள் அந்த ஒப்படைப்பு ஒப்பந்தக் குறிப்பை எழுதி முடித்ததும் இங்கேயே பதிவிடட்டும். திருத்திக் கொடுக்கிறேன்.